உலகம்மன் தந்த குரல்

குற்றாலத்தில் நடந்தது இது. என் கண்ணெதிரே ஒரு கூட்டம் பெண்கள் வெள்ளத்தோடு போயிருப்பார்கள். போகவிடாமல் காத்தவள் தென்காசி உலகம்மன். அந்தச் சாட்சியைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். போன சீசனில் குற்றால அருவியில் பெண்கள் குளிக்கும் பகுதி என் பொறுப்பு. வீட்டில் நான் பிள்ளைகளை அதட்டினால் எங்கள் ஊர் குத்துக்கல்வலசை முழுக்கக் கேட்கும் என்று என் கணவர் கேலி செய்வார். காக்கி போட்டுவிட்டால் மட்டும் குரலை அடக்கிக்கொள்வேன். அதிகாரி என்றால் அளந்து பேச வேண்டும், வீட்டு அம்மா மாதிரி கத்தினால் யாரும் மதிக்க மாட்டார்கள் என்று எனக்கு ஓர் எண்ணம்.

அன்று வெள்ளிக்கிழமை. மதிய நேரம். அருவித் தண்ணீர் திடீரென்று கலங்கிச் சிவந்தது. சருகும் குச்சியும் சேர்ந்து விழுந்தன. மேலே மலையில் பெருமழை, வெள்ளம் பின்னாலேயே வருகிறது என்று அர்த்தம். விசில் ஊதினேன். பலர் வெளியேறிவிட்டார்கள். சுரண்டையிலிருந்து வேன் பிடித்து வந்த பெண்கள் மட்டும் நகரவில்லை. தலை நிறைய எண்ணெய் தேய்த்து அப்போதுதான் அருவிக்குள் நுழைந்திருந்தார்கள்.

“எண்ணெத் தலையோட எப்படிம்மா வெளிய வர? செத்த பொறு, அலசிட்டு வந்திருதோம்” என்றார் அவர்களில் மூத்தவரான பேச்சியம்மாள். எண்ணெய்த் தலையோடு வீடு திரும்பினால் குடும்பத்துக்கு ஆகாது என்ற பயம் அவருக்கு.

“தயவுசெய்து வாங்க” என்று கெஞ்சினேன். யாரும் காதில் வாங்கவில்லை. இரைச்சல் கூடியது. “உலகம்மா, நீயும் தாய்தானே! இந்தப் பிள்ளைகளைக் காப்பாத்து, எனக்கு ஒரு வழி காட்டு” என்று நெஞ்சுக்குள் கதறினேன்.

அடுத்து என் வாயிலிருந்து வந்தது அதிகாரியின் குரல் இல்லை, வீட்டில் பிள்ளைகளை அதட்டும் அம்மாவின் குரல்.

“ஏட்டி, வெளிய வாங்கட்டி! உசுரு போனபொறவு யாருக்குட்டி தலை குளிக்கப் போறிய?”

அருவிச் சத்தத்தையும் மீறி அது கேட்டது. பெண்கள் விழுந்தடித்து ஓடிவந்தார்கள். பேச்சியம்மாள் மட்டும் பயத்தில் தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி விறைத்து நின்றார். அவரிடம் இனி அதட்டல் பலிக்காது என்று புரிந்தது. உள்ளே போய் இடுப்போடு அணைத்துக்கொண்டேன். “நான் இருக்கேம்லா மதினி, என் தோளப் பிடிங்க” என்றேன். கம்பியை விட்டார். நாங்கள் படியேறிய கொஞ்ச நேரத்தில் வெள்ளம் அந்தக் கம்பியை மூடிப் பாய்ந்தது. ஒருத்திக்கும் ஒரு கீறல் இல்லை!

நடுங்கிக்கொண்டு நின்றவர்களை அப்படியே அனுப்ப மனம் வரவில்லை. பக்கத்து விடுதியில் வெந்நீர் கேட்டு வாங்கினேன். நானும் என் பெண் காவலர்களும் யூனிஃபார்மோடு நின்று ஒவ்வொருவர் தலைக்கும் சீயக்காய் தேய்த்து ஊற்றிவிட்டோம். பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“எங்கம்மை போனபொறவு என்னைய ஏட்டின்னு வைய ஆளில்ல தாயி” என்றார்.

அன்று காக்கியில் நிமிர்ந்து நடந்தேன். அந்தப் பெருமை இன்னும் குறையவில்லை. இப்போது என் கீழ் வேலை செய்யும் பெண்களிடம், அதட்ட வேண்டிய இடத்தில் அதட்டுங்கள், அணைக்க வேண்டிய இடத்தில் அணையுங்கள் என்றுதான் சொல்கிறேன். பதவியில் இருக்கும் சகோதரிகளே, உங்களுக்குள் இருக்கும் தாயை ஒளித்துவைக்காதீர்கள். திகைத்து நிற்கும் நேரத்தில் உலகம்மனைக் கூப்பிடுங்கள். அம்மாவிடம் கேட்க என்ன வெட்கம்?