செவலையின் காயம்

சாணார்பட்டி மலைச்சாமிக்கு வலி தாங்காது. ஊரறிந்த சங்கதி. காலில் நெருஞ்சி முள் குத்தினால் போதும், அவர் போடும் சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வருவார். அம்மை குத்த ஆள் வந்தபோது சோளக்காட்டுக்குள் ஒளிந்தவர். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு இடது காலில் பெருவிரல் கிடையாது. அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

1958 சித்திரை மாதம். கத்தரி பூவெடுத்திருந்தது, இரண்டு நாள் தண்ணீர் விடாவிட்டால் அத்தனையும் கருகிவிடும். விடிந்ததுமே தோட்டத்துக் கிணற்றில் கமலை பூட்டி இறைத்துக்கொண்டிருந்தார். மாடுகள் சரிவில் இறங்கினால் வடக்கயிற்றில் கட்டிய சால் தண்ணீரோடு மேலே வரும். பின்பக்கமாகவே நடந்து மேலே ஏறினால் சால் கிணற்றுக்குள் போகும். அப்படிப் பின்னேறும்போது செவலைக்காளையின் பின்னங்கால் ஈரக்கல்லில் வழுக்கிக் கிணற்றுக்குள் தொங்கியது. ஜோடி மாடு மிரளாமல் நின்றது சாமி புண்ணியம். செவலை போனால் கத்தரியும் போச்சு. அதைவிட, கன்றிலிருந்து கையால் கூழ் ஊட்டி வளர்த்த உயிர் அது. மலைச்சாமி கழுத்துக்கயிற்றைப் பிடித்து, கல்லில் காலை முட்டுக்கொடுத்து இழுத்தார்.

"ஏலே, ஏறுடா! ஏறு அப்பு!"

செவலை ஒரே தவ்வில் மேலே ஏறிவிட்டது. அப்புறம்தான் கல்லெல்லாம் ரத்தம் என்பதைக் கண்டார். செவலையின் நாலு குளம்பையும் தூக்கிப் பார்த்தார், வயிற்றைத் தடவினார், வாலைக்கூட விடவில்லை. அவர் மாட்டைச் சுற்றச் சுற்ற ரத்தமும் கூடவே சுற்றியது.

"ஜக்கு, மஞ்சளை எடுத்துக்கிட்டு ஓடியா! செவலைக்கு எங்கயோ அடிபட்டுப்போச்சு!"

மனைவி ஜக்கம்மாள் வந்து ஒரு பார்வைதான் பார்த்தாள். "மாட்டுக்கு ஒண்ணுமில்ல. உங்க கால் வெரலைப் பாருங்க."

குனிந்து பார்த்தார். ஏறிவந்த செவலையின் குளம்பு விழுந்து விரல் நசுங்கிக் கிடந்தது. "அட, என் ரத்தந்தானா" என்று நிம்மதியாகச் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் வலி வந்துவிட்டது. அன்று அவர் போட்ட சத்தத்துக்கு நாலு தோட்டத்து ஆட்கள் கூடிவிட்டார்கள்.

ஆபத்து நேரத்தில் மூளையே வலியை அடக்கும் மருந்தைச் சுரக்கும் என்று விஞ்ஞானிகள் கண்டுபிடிக்க இன்னும் பதினைந்து வருஷத்துக்கு மேல் இருந்தது. அதனால் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துக் கட்டுப்போட்டபோது கம்பவுண்டர் ஸ்தனிஸ்லாசுக்குப் பெரிய ஆச்சரியம்.

"இம்புட்டு நசுங்கியும் மாட்டைச் சுத்திக்கிட்டா இருந்த? எப்பத்தாம்ப்பா வலிச்சுச்சு?"

"செவலைக்கு ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்ச பெறகுதாங்கய்யா."