மல்லாட்டை அக்காவின் மறியல்

திண்டிவனம் தாண்டி விழுப்புரம் போகும் சாலையில் சிவப்பு விழுகிறது. சிக்னல் பலகையில் தொண்ணூறு நொடி. எரிச்சலோடு பிரேக் போடுகிறேன். அவித்த மல்லாட்டை விற்கிற அக்கா கண்ணாடியைத் தட்டுகிறார். ஒரு பொட்டலம் வாங்குகிறேன். சுடச்சுட வேர்க்கடலை, அளவான உப்பு.

எதிரே மேம்பாலத்துக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன.

“பாலம் வந்துட்டா இங்க எந்த வண்டியும் நிக்காதேக்கா. உங்க வியாபாரம் என்ன ஆகும்?”

“நல்லா கேட்டீங்க! பாலம் வேணும்னு மறியல் பண்ணப்போ, நடுரோட்டுல மொதல்ல உக்காந்ததே நான்தாங்க” என்று சிரிக்கிறார். “கழனிக்குப் போற பொம்பளைங்க தெனம் உசுரக் கையில புடிச்சிக்கினு தாண்டுறாங்க. எனக்கின்னா, பாலத்துக்கு அடியில நெழலா உக்காந்து வித்துக்கினு போறேன்.”

பச்சை விழுகிறது. கியர் போடுகிறேன். அக்கா சட்டென்று காருக்கு முன்னால் வந்து கையை நீட்டி மறிக்கிறார். தூக்குவாளிகளோடு நாலு பெண்கள் பாதிச் சாலையில் வந்துகொண்டிருக்கிறார்கள். பின்னால் ஹாரன்கள் அலறுகின்றன.

“இருங்கய்யா, இன்னா ஜல்தி?”

கடைசிப் பெண் அந்தப் பக்கம் ஏறும்வரை அக்காவின் கை இறங்குவதாக இல்லை. நான் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு இன்னொரு மல்லாட்டையை உரிக்கிறேன்.