ஒரே பலூனில் இரண்டு கருவிகள்

சரோஜா மேடம் போய்விட்டார் என்று பழைய அலுவலக நண்பர் போனில் மராத்தியில் சொன்னபோது, புனேயின் ஓரத்தில் வாகடில் இருக்கும் என் வீட்டுப் பால்கனியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. இதைப் படிப்பவர்களில் அவரையும் என்னையும் அறிந்த சிலருக்குக் காரணம் தெரிந்திருக்கும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் புனேயில் நாங்கள் இருவரும் வானிலை பலூன் பிரிவில் இருந்தோம். அவர் எனக்கு மேலதிகாரி. அந்த மாடியில் தமிழ் பேச வேறு ஆள் இல்லாததால் அக்காவும் ஆனார். காற்றின் ஈரப்பதத்தை அளக்கப் புதிதாக ஒரு கருவி வந்திருந்தது. அதையும் பழையதையும் ஒரே பலூனில் கட்டி அனுப்பி ஒப்பிடுவது என் வேலை. "ரெண்டும் ஒத்துப்போச்சுன்னு உடனே சந்தோஷப்படாத. ரெண்டும் சேர்ந்தே தப்பா இருக்கலாம்" என்பார்.

ஒத்துப்போகவில்லை. மழை மேகத்துக்குள் பலூன் நுழைந்த பிறகும் புதிய கருவி காற்று வறண்டிருப்பதாகவே காட்டியது. மறுபடி மறுபடி அனுப்பினோம், அதே கதைதான். என் மேஜையருகே நின்று வரைபடத்தைப் பார்த்தவர், "புதுசுதான் பொய் சொல்லுது. கூட்டத்துல நீயே சொல்லிடு" என்றார்.

சொன்னேன். துறைத் தலைவர் மேடம் பக்கம் திரும்பினார். மேடம் என்னைப் பார்க்காமலேயே ஆங்கிலத்தில் பதில் சொன்னார்: கருவியில் குறை இல்லை, கட்டி அனுப்பியவர் சரியாகப் பொருத்தவில்லை. கட்டி அனுப்பியது நான். சீக்கிரமே என்னை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

சில வருடங்கள் கழித்து, வேறு ஊர்களிலும் அந்தக் கருவி அதே பிழையைக் காட்டுவது தெரியவந்தது. மேடம் என் அறைக்கு வந்தார்.

"அந்தக் கருவி இதுவரை காட்டின அளவுகளையெல்லாம் திருத்தணும். உன்னை விட்டா ஆள் இல்ல."

"அன்னிக்கு ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"அதை வாங்கச் சொன்னதே நான்தானே" என்றார்.

திருத்திக் கொடுத்தேன். அந்த எண்கள் என்ன பாவம் செய்தன? ஆனால் அவர் என் அறைக்கு வந்த அந்த நாளுக்குப் பிறகு அவரை அக்கா என்று நான் கூப்பிட்டதில்லை.

நேற்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். புனேயிலேயே பிறந்து வளர்ந்த மகள் தமிழில் தடுமாறிச் சொன்னாள்: "ஆன்ட்டி, பலூன் விடறதுல உங்க மாதிரி கரெக்டா யாரும் இல்லன்னு அம்மா வீட்ல எப்பவும் சொல்வாங்க."

வீட்டில் சொல்லியிருக்கிறார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு வாக்கியம்தான். வேண்டாம் என்று தள்ளவும் முடியவில்லை; வைத்துக்கொள்கிறேன். அந்தக் கூட்டத்தில் இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.