வித்துரா மரப்பட்டையில் லலிதாவுக்குக் கிடைத்த ஈஸ்ட்

போன மாதம் இரண்டு நாள் திருவனந்தபுரம் போய் வந்தேன். கோயில், கடற்கரை எதுவும் பார்க்கவில்லை. என் தோழி லலிதா கண்டுபிடித்த ஈஸ்டைப் பார்க்கப் போனேன். வயிற்றெரிச்சலோடுதான் போனேன்.

நாங்கள் எம்.எஸ்ஸி. ஒன்றாகப் படித்து, இப்போது ஆளுக்கொரு ஊரில் கல்லூரி ஆசிரியர்கள். ஈஸ்ட் வகைகளின் மரபணுக்களை ஒப்பிட்டு, எந்த இனம் எதிலிருந்து பிரிந்தது என்று பார்ப்பதுதான் இருவருக்கும் வேலை. புளித்த பதநீரில் நான் பிரித்தெடுத்த ஈஸ்ட் புதிய இனம் என்று நிரூபிக்க மூன்று வருடமாக முட்டி மோதுகிறேன். லலிதா ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவனந்தபுரத்தை அடுத்த வித்துரா மலைக்காட்டுப் பக்கம் போய், அனுமதியோடு கொஞ்சம் மரப்பட்டையைச் சுரண்டி வந்தாள். அதில் புதிய இனமே கிடைத்துவிட்டது.

திருநெல்வேலியிலிருந்து ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஸ்டேஷன் இருக்கும் தம்பானூரில் இறங்கினால், லலிதா வீடு இருக்கும் வலியசாலை நடக்கிற தூரம்தான். வெயிலுக்குப் பயந்து ஆட்டோ பிடித்தேன். லலிதா வீட்டுக் கூடத்தில் லேப்டாப்பைத் திறந்து, இரண்டு ஈஸ்டுகளின் மரபணு வரிசைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம். என்னுடையதில் பாதி பேக்கரி ஈஸ்டோடு பொருந்தியது. மீதி அவளுடையதோடு பொருந்தியது.

"உன்னோடது தனி இனம் இல்லைடீ. கலப்பாக்கும். அதுக்கு என்னோடது ஒரு அம்மா" என்றாள்.

நான் காபி டம்ளரைத் தள்ளி வைத்தேன்.

"மூஞ்சியைத் தூக்காதே, கேட்டோ. காட்டு ஈஸ்ட் மனுஷா கிட்ட வந்து கலந்து மாறித்துன்னு காட்டறதே உன்னோடதுதான். அது இல்லேன்னா என்னோடது வெறும் ஒரு பேரு."

உண்மைதான். உண்மை என்பதால் இன்னும் எரிந்தது.

மறுநாள் காலை நெடுமங்காடு வழியாக வித்துராவுக்குப் பஸ். ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து ஆட்டோவில் அந்த மரத்தடிக்குப் போனோம்.

"ரெண்டு டீச்சரும் கூடி கண்டுபிடிச்சதா?" என்று, திரும்பும் வழியில் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு வந்த ஆட்டோக்காரர் கேட்டார்.

"அதே" என்று மலையாளத்தில் ஆமாம் போட்டாள் லலிதா.

"இல்லை, அவ மட்டும்தான்" என்றேன். சொன்ன தொனி எனக்கே பிடிக்கவில்லை.

லலிதா என்னைப் பார்த்தாள். "இனத்துக்குப் பேர் நீ வைக்கறியா?"

"பேரை நீயே வை. நாம சேர்ந்து எழுதற கட்டுரையில என் பேர் முதல்ல வரணும்."

பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். நான் டீ வாங்கிக் கொடுத்த பிறகு, "சரி" என்றாள். டீயைக் குடிக்காமல் பெஞ்சில் வைத்தாள். அவளுக்கும் வலிக்கிறது என்று தெரிந்ததும்தான் எனக்குப் பசித்தது. தோசை சாப்பிட்டோம்.

போகிறவர்கள் மழைக்காலமென்றால் அட்டைக்கு உப்பு கொண்டுபோங்கள். காட்டுக்குள் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். சாயங்காலத்துக்குமேல் பஸ் குறைவு. நான் மறுபடியும் லலிதாவோடுதான் போவேன். ஆனால் அடுத்த மரத்தை நான்தான் முதலில் சுரண்டுவேன்.