அஞ்சே நிமிஷம், தம்பி

பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பெயர் கடிகார டீச்சர். முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு அந்த வகுப்பில் உட்கார முடியுமா என்ன? முப்பத்தி நாலு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். ஆனால் பிள்ளைகள் மறக்காமல் வைத்திருப்பது அவர் பரீட்சை ஹாலில் நின்ற கோலத்தைத்தான். மணி அடித்த மறுநொடி விடைத்தாள் அவர் கைக்கு வந்துவிட வேண்டும். "டீச்சர், அஞ்சே நிமிஷம்", "டீச்சர், கடைசி வரி", "டீச்சர், அந்தக் கடிகாரம் ரெண்டு நிமிஷம் முன்னாடி ஓடுது" என்று எல்லாப் பாட்டையும் கேட்டவர் அவர். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். "எல்லாருக்கும் ஒரே நேரம்தான்." பேனா பிள்ளையின் கையிலேயே இருக்கும், தாள் மட்டும் அடியிலிருந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒரு தாள்கூடக் கிழிந்தது கிடையாது.

அப்படிப் போன தாள்களில் ஒன்று அவருடைய சொந்த மகளுடையது. பத்தாம் வகுப்பு முழுப் பரீட்சை. அன்றைக்கு ஹாலுக்கு வர வேண்டியவருக்குக் காய்ச்சல், வேறு ஆளில்லை, டீச்சரே போய் நின்றார். கடைசிக் கணக்கு, தொட்டியும் குழாயும், பாதியில் நின்றது. நாலே நாலு மார்க்கில் மகளுக்கு முதலிடம் போயிற்று. இதெல்லாம் நடந்து பதினெட்டு வருஷமாகிறது. மகள் பல் டாக்டராகி, வேறு ஊரில் கிளினிக் வைத்து, ஊரையே வாயைத் திறக்க வைத்துக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் அம்மாவும் மகளும் எதைப் பேச ஆரம்பித்தாலும், சுற்றிச் சுற்றி அந்த ஹாலுக்குத்தான் வந்து சேர்வார்கள்.

"மணி அடிக்கறதுக்கு முன்னாடியே பிடுங்கிட்டேம்மா நீ."

"அடிச்சுது. நீ கவனிக்கல."

"எனக்கு அந்தக் கணக்கு தெரியும்."

"தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பே."

வீட்டுக்காரர் இதை விளையாட்டு என்றே நினைத்திருந்தார். விளையாட்டாவது ஒன்றாவது! மகள் மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவாள், அதுவும் அப்பாவின் போனில். "அம்மா பக்கத்துல இருக்கா, குடுக்கட்டுமா?" என்று இவர் கேட்டால், "பேஷன்ட் வந்தாச்சுப்பா" என்று வைத்துவிடுவாள். டீச்சர் காது கேட்காதவர் மாதிரி துணி மடித்துக்கொண்டிருப்பார். அவருக்கு வலிக்கவில்லை என்று நினைத்தால் உங்களுக்கு மனுஷர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஓய்வுபெற்ற அன்று பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுத்தார்கள். என்ன பரிசு? சுவர்க்கடிகாரம். எந்த மகராசனின் குசும்போ தெரியவில்லை. கடிகார முகத்தில் ஒரு பனிமலைப் படம். அதைக் கூடத்தில் மாட்டினார்கள். மணி பார்த்தே பழகிய கண், வேலையில்லாத காரணத்தால் மலையைப் பார்க்க ஆரம்பித்தது.

"என்னங்க, இதுமேல எல்லாம் மனுஷங்க ஏறுவாங்களா?"

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "ஏறுவாங்க. உன்னை மாதிரி முட்டிவலிக்காரங்க இல்ல" என்றார்.

சும்மா இருந்திருக்கலாம் அந்த மனுஷன். அடுத்த திங்கட்கிழமையே டீச்சர் மாடிப்படி ஏற ஆரம்பித்தார். அவர்கள் குடியிருந்தது ஐந்து மாடிக் கட்டடம். முதுகில் ஒரு பை, அதற்குள் பத்துக் கிலோ பழைய வினாத்தாள் கட்டுகள். காலையில் பத்து தடவை ஏறி இறங்குவார், சாயங்காலம் பத்து தடவை. மூன்றாம் மாடிக்காரம்மா முதல் வாரம் பரிதாபப்பட்டார், இரண்டாம் வாரம் பயந்தார், மூன்றாம் வாரம் தானும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்து இரண்டே நாளில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்தொன்பதாவது வயதில் டீச்சர் மலையேற்றப் பயிற்சியில் சேர்ந்தார். கூடப் படித்த அத்தனை பேரும் இருபத்தைந்துக்கு உள்ளே. பூட்ஸுக்கு அடியில் இரும்பு முள் தகடு கட்டவும், பனிக்கோடரியைக் குத்தி நிற்கவும், கயிற்றில் முடிச்சுப் போடவும் கற்றுக்கொண்டார். முடிச்சுப் பரீட்சையில் முதல் மார்க் யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு சின்ன மலைகள் ஏறி முடித்து, அறுபத்தியோராவது வயதில் பெரியதுக்குப் புறப்பட்டார். ஆறாயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. வீட்டுக்காரர் மலையளவு கவலையை வைத்துக்கொண்டு, மூன்று ஜோடி குளிர்க்கண்ணாடிகளைப் பையில் திணித்தார். மகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது, இந்தத் தடவை அம்மாவின் போனுக்கே. "ஏறிட்டு கூப்பிடு." இரண்டே வார்த்தை. டீச்சர் அதை எத்தனை தடவை படித்தார் என்று அந்த போனைத்தான் கேட்க வேண்டும். உச்சியில் நிற்கிற மாதிரி ஒரு படம், அதை அனுப்பி ஒரு போன், அப்புறம் சாவகாசமாக ஒரு பேச்சு. மனசுக்குள் அவர் போட்டு வைத்த கணக்கு இதுதான். உச்சியைத் தொடாமல் என்ன சொல்லிக் கூப்பிடுவது?

வழிகாட்டி நாற்பதைத் தாண்டியவர். வார்த்தையைக் காசு கொடுத்து வாங்குகிறவர் மாதிரி பேசுவார். கூடாரத்திலேயே சொல்லிவிட்டார்.

"பதினோரு மணி, டீச்சர். எங்க நின்னாலும் திரும்பிடணும். அதுக்கு மேல வெயில்ல பனி இளகும், மேகமும் வந்துடும்."

"நேரம் விஷயத்துல எங்கிட்ட நீங்க கவலையே படவேண்டாம், தம்பி" என்றார் டீச்சர். என்ன ஒரு தைரியம் பாருங்கள்!

விடிவதற்கு முன்பே கிளம்பினார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பாதி ஏற்றத்தில் இடது பூட்ஸின் முள் தகடு லேசாகத் தளர்ந்தது. வழிகாட்டி குனிந்தார். "நானே கட்டிக்கறேன்" என்றார் டீச்சர். கட்டினார். வார் கோணலாக இருந்தது. அவிழ்த்து மறுபடி கட்டினார். நுனி ஒரு விரற்கடை நீளமாகத் தொங்கியது. மறுபடி அவிழ்த்தார். பிள்ளைகளின் நோட்டில் ஓரக்கோடு கோணலாக இருந்தால் பக்கத்தையே திருப்பி எழுத வைத்த கை அது, சும்மா இருக்குமா? அந்தக் குளிரில், கையுறையோடு, இருபது நிமிஷம் போயிற்று.

உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு கம்பு, அதில் யாரோ கட்டிய சிவப்புத் துணி. எண்பது தப்படி இருக்கும், கூடப்போனால் நூறு. வழிகாட்டி நின்றார். கையைத் திருப்பிப் பார்த்தார்.

"மணி பதினொண்ணு, டீச்சர்."

"இதோ, தெரியுது பாருங்க."

"தெரியுது. திரும்பலாம்."

"உங்க வாட்ச் ரெண்டு நிமிஷம் முன்னாடி ஓடுது, தம்பி."

அவர் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"அஞ்சே நிமிஷம், தம்பி. கடைசிக் கொஞ்சம்தான். இதோ முடிச்சுடறேன்."

"எல்லாருக்கும் ஒரே நேரம்தான், டீச்சர்."

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மனுஷர் அவரிடம் படித்தவர் இல்லை, அவர் ஊர்க்காரரும் இல்லை. ஆனால் சொல் மாறாமல் அப்படியே வந்து விழுந்தது. அழுகை வந்தது. குளிர்க்கண்ணாடிக்குள் அழுவது எவ்வளவு சங்கடம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். துடைக்கவும் முடியாது. சிவப்புத் துணியை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பினார்.

ஒரு மணிக்கெல்லாம் மேகம் வந்து மலையை மூடியது. முன்னால் போன கயிறே கண்ணுக்குத் தெரியவில்லை. வழிகாட்டி ஒவ்வொரு அடியாகப் பார்த்து இறக்கினார். அந்த எண்பது தப்படியை ஏறியிருந்தால் இந்நேரம் எங்கே நின்றிருப்போம் என்று டீச்சர் நினைத்துப் பார்த்தார். இந்த மனுஷர் மணி பார்த்தது சரி. அதில் அப்பீலே இல்லை. ஆனால் அந்தப் பரீட்சை ஹாலில் என்ன மேகம் வந்தது? அங்கே எந்தப் பனி இளகியது? இறங்குகிற வழியெல்லாம் இதே கேள்வி. பதில் அவருக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாகத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து மலையடிவாரத்து விடுதிக்கு வந்தார்கள். அங்கே செல்போனுக்கு சிக்னல் கிடையாது, வரவேற்பு மேஜையில் இருந்த ஒரே போனில்தான் வெளியூருக்குப் பேச முடியும். ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். டீச்சருக்குப் பின்னால் வரிசையில் ஆறு பேர்.

"அம்மா! ஏறிட்டியா?"

"இல்லடி. நூறு தப்படி பாக்கி. நேரமாச்சுன்னு திருப்பிட்டார்."

"அய்யோ."

"எனக்கு ஏறத் தெரியும்டி. கால்ல பலம் இருந்துது. இன்னும் அஞ்சு நிமிஷம் குடுத்திருந்தா..."

"தெரிஞ்சிருந்தா ஏறியிருப்பே."

டக்கென்று சொல்லிவிட்டாள் மகள். சொன்ன பிறகு அவளுக்கே திக்கென்றிருக்க வேண்டும். டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"கெஞ்சினேன்டி. அவர் வாட்ச் தப்புன்னுகூடச் சொன்னேன்."

"நீயா?"

"நானேதான். கேளு, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு மணி அடிக்கல."

டீச்சர் போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்துது. டீச்சர் பொண்ணுக்கு டீச்சர் நேரம் குடுத்தான்னு யாரும் வாயைத் திறந்துடக் கூடாதுன்னு, முதல்ல உன் பெஞ்சுக்குத்தான் வந்தேன். உனக்கு அந்தக் கணக்கு தெரியும். பார்த்துக்கிட்டுத்தானே நின்னேன். என்னை மன்னிச்சுடுடி, கண்ணு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம் மகள், "ரெண்டு குழாயும் சேர்ந்தா தொட்டியை ரொப்ப ஆறு மணி நேரம். ஒண்ணு இன்னொண்ணைவிட அஞ்சு மணி நேரம் சீக்கிரம் ரொப்பும். அதானே?" என்றாள்.

"அதேதான்."

"இப்போ போடட்டுமா?"

பின்னாலிருந்து யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். "அம்மா, உங்க அஞ்சு நிமிஷம் முடிஞ்சுடுச்சு" என்றது ஒரு குரல். கடிகார டீச்சர் திரும்பிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, "ரெண்டே நிமிஷம், கண்ணுங்களா, என் பொண்ணு பரீட்சை எழுதறா" என்று கும்பிட்டார். வரிசைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒதுங்கி நின்றது.

"எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் ஏழு எக்ஸ் மைனஸ் முப்பது" என்று மகள் ஆரம்பித்தாள். "மைனஸ் மூணு மணி நேரம்னு வராது. அப்போ..."

"மெதுவாப் போடு" என்றார் டீச்சர்.

"பத்தும் பதினஞ்சும், அம்மா."

"சரி" என்றார் டீச்சர். "முழு மார்க்."