கொம்பு தொட்ட தோள்

மார்க்கண்டு அண்ணை இறந்த செய்தியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் பேப்பர் போடுகிறவர். படலைக்கு வெளியே சைக்கிளில் இருந்தபடியே ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "மாஸ்டர், உங்கடை மார்க்கண்டு முடிஞ்சுபோனானாம். நெஞ்சுநோவாம்," என்றார். அப்பா கதிரையை விட்டு எழுந்தார். சாவுச் செய்தி கேட்டால் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குவிப்பது அவர் வழக்கம். இடது கை மேலே போனது. வலது கை நெஞ்சளவில் நின்றுவிட்டது. சேர ஆளில்லாத இடது கையைச் சிறிது நேரம் வைத்திருந்துவிட்டு இறக்கினார்.

அந்த வலது கையைத் தூக்கிவிடத்தான் மார்க்கண்டு அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்துபோனார்.

பட்டணத்தில் எங்கள் சிகிச்சை நிலையத்தில் அவரோடு வேலை செய்தவர்களுக்கும், அவரிடம் முதுகையும் தோளையும் கொடுத்தவர்களுக்கும் அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அயர்ன் மடிப்புக் கலையாத சேட்டு. வாய் ஓயாத பகிடி. தேத்தண்ணி எங்கே ஊற்றினாலும் முதல் கோப்பை அவருக்கு. வாசலில் துண்டு எழுதிக் கொடுக்கும் என் மேசைக்கு, உள்ளே நோவில் கத்துகிறவர்களின் சத்தமும் அடுத்த நிமிடம் அவர்களே சிரிக்கிற சத்தமும் கேட்கும். நிலையத்தில் வளைந்த உருக்குக் கருவி ஒன்று இருந்தது. வீடுகளுக்குப் போகும்போது கொண்டுபோக, அதைப் பார்த்து மாட்டுக் கொம்பில் ஒன்றைத் தானே அராவி, எண்ணெய் போட்டு மினுக்கி வைத்திருந்தார்.

எனக்குக் கழுத்துப் பிடித்து ஒரு பக்கம் திரும்ப ஏலாமல் போனபோது அந்தக் கொம்பு என் கழுத்திலும் ஊர்ந்தது. எண்ணெய் பூசி, கொம்பின் ஓரத்தைச் சரித்துப் பிடித்து மெல்ல இழுத்தார். ஓர் இடத்தில் தோலுக்குக் கீழே மணல் நெரிவது போல இருந்தது. "இந்தா, இவர்தான் ஆள். ஒளிச்சிருக்கிறார்," என்று அந்த இடத்திலேயே சின்னச் சின்னதாக இழுத்தார். தோல் சிவந்து சூடேறியது. பிறகு கொம்பை வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். "கொம்பாலை இடத்தைப் பிடிக்கலாம், தம்பி. இளக்கலாம். திருப்பிறதுக்குக் கைதான் வேணும்."

அப்பாவின் தோள் இறுகிப்போனபோது மார்க்கண்டு அண்ணையை வீட்டுக்கு வரச் சொன்னவன் நான். அவருடைய தகப்பன் எங்கள் பனைகளில் ஏறிக் கள்ளுச் சீவினவர். அப்பாவை அவர் "நயினார்" என்றும் அம்மாவை "நாச்சியார்" என்றும் கூப்பிட்டவர். மகன் "மாஸ்டர்" என்றார், "அக்கா" என்றார். அதையே அம்மாவால் விழுங்க முடியவில்லை. நான் அவரை அண்ணை என்றதைக் கேட்டு, "ஆருக்கு ஆரடா அண்ணை?" என்று குசினிக்குள் வைத்துக் கேட்டா.

விறாந்தையில் அவருக்கு இடமில்லை. மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு ஒரு கதிரை போட்டோம். அண்ணை நின்றார். உள்ளங்கைகளில் எண்ணெயைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தோளுக்குக் கிட்டப் போனதும் அப்பா உடம்பை ஒதுக்கினார்.

"கொம்பு கொண்டந்தனியெல்லோ? அதாலை செய்."

"கொம்பாலை அரைவாசிதான் ஏலும், மாஸ்டர்."

"அரைவாசி காணும்."

அண்ணை என்னைப் பார்த்தார். கையைத் துடைத்துவிட்டுக் கொம்பை எடுத்தார். பள்ளிக்கூடத்தில் சமத்துவம் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லிப் புள்ளி போட்டவர் என் அப்பா. மாடு தின்னாத வீடு எங்களுடையது. செத்த மாட்டின் கொம்பு அவர் தோளில் படலாம். அதைப் பிடித்திருக்கிற மனிதனின் கை படக்கூடாது. அம்மா கொடுத்த தேத்தண்ணி, கொட்டில் சுவரில் கவிழ்த்து வைத்திருக்கும் தனிக் கிளாசில் வந்தது. "நான் தேத்தண்ணி குடிக்கிறதில்லை, அக்கா," என்றார் மார்க்கண்டு அண்ணை. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

போகும்போது ஒவ்வொரு முறையும் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார்: "இண்டைக்குத் தோளிலை தண்ணி படக்கூடாது. துணியாலை மூடி வைச்சிருங்கோ." அடுத்த கிழமை வந்து பார்த்தால் தோள் பழையபடி இறுகிக் கிடக்கும். அவருக்கு விளங்கவில்லை. நிலையத்தில் ஒருவருக்கும் இப்படி ஆனதில்லை என்று பஸ்ஸில் வரும்போது சொல்லிச் சொல்லி யோசித்தார். பக்கத்தில் இருந்த நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த நாட்களில், பட்டணத்தை விட்டு வெளிக்கிடும் பண்ணைப் பாலத்தடியில் இந்திய ஆமியின் சோதனை. ஒருநாள் எங்களை இறக்கி வரிசையில் விட்டார்கள். அவருடைய பையிலிருந்து கொம்பை எடுத்த சிப்பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, என்ன இது என்று சைகையால் கேட்டான். மார்க்கண்டு அண்ணை அவனுடைய மணிக்கட்டைப் பிடித்து, முழங்கை வரைக்கும் கொம்பை ஓட்டி, பெருவிரலால் ஓர் இடத்தை அமத்தினார். அவன் முகம் சுருங்கி, பிறகு மலர்ந்தது. துவக்கைத் தோளில் மாற்றிக்கொண்டு மற்றக் கையையும் நீட்டினான். வரிசை முழுக்கச் சிரித்தது. பஸ் மண்டைதீவுச் சந்தியைத் தாண்டிய பிறகு சொன்னார்: "பாத்தீரே? துவக்குக்காரன் கையைத் தாறான். மாஸ்டர் தரமாட்டார்."

அதற்கடுத்த முறை அவர் வந்துபோகையில் கொம்பைக் கதிரைக்குக் கீழே மறந்துவிட்டுப் போனார். ஒழுங்கை முடக்கு வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். கிணற்றடியில் அப்பா குந்தியிருந்தார். கை தூக்க ஏலாததால் அம்மா வாளி வாளியாக அள்ளி அவர் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தா. கொம்பும் எண்ணெயும் தொட்ட தோளை அழுத்தித் தேய்த்தா. ஒவ்வொரு முறையும் நடந்ததுதான் அன்றும் நடந்தது. தீட்டுப் போகக் குளிர் தண்ணீர். இளகியிருந்த தசை அந்தத் தண்ணீரில் மறுபடி இறுகும். அண்ணை பாடுபட்டுச் செய்ததை நாங்கள் வாய்க்காலில் விட்டுக்கொண்டிருந்தோம்.

அம்மா நிமிர்ந்தா. கையில் வாளி. கொம்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மார்க்கண்டு அண்ணை சொன்னார்:

"அக்கா, சுடுதண்ணியெண்டாலும் ஊத்துங்கோ."

அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் எங்களுக்குத் திருப்பித் திட்டுவதற்காவது ஒன்று கிடைத்திருக்கும். அவர் தோளைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனார். அடுத்த நாள் பஸ்ஸில் நான்தான் கொதித்தேன். "ஏன் அண்ணை பேசாமல் வந்தனியள்? நாலு கிழி கிழிச்சிருக்கலாமே?"

"தோய்ஞ்சாப் போற சாதியெண்டா நான் எப்பவோ கடலிலை தோய்ஞ்சிருப்பன்," என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல், "இனி உங்கடை வளவுக்கு வரமாட்டன், தம்பி. கோவமும் இருக்குத்தான். அதைவிட, என்ரை வேலையைக் கெடுக்கிற இடத்திலை எனக்கு என்ன வேலை? மாஸ்டரைப் பட்டணத்துக்குக் கூட்டிக்கொண்டு வாரும். கையாலை திருப்பி விடுறன்," என்றார்.

அப்பா போகவில்லை. "அங்கை அவன்ரை கையைத்தானே வைப்பான்," என்றார். கை நெஞ்சளவிலேயே நின்றுவிட்டது.

செத்தவீட்டுக்கு நான் போனேன். எங்கள் ஒழுங்கையிலிருந்து வேறு ஒருவரும் வரவில்லை. ஊரில் அவரிடம் தோள் காட்டாத வீடு குறைவு. எல்லாம் கொட்டில் பக்கமும் வீட்டுக்குப் பின்னே கோடிப் புறமும்தான். திரும்பி வந்தபோது கிணற்றடியில் ஒரு வாளி ஆவி பறக்க நின்றது. "சுடுதண்ணி வைச்சிருக்கிறன். தோய்ஞ்சிட்டு உள்ளை வா," என்றா அம்மா. எந்தச் செத்தவீட்டுக்குப் போனாலும் தோயத்தான் வேண்டும், எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் செத்தவீட்டுத் தோய்ச்சலுக்கு யாரும் தண்ணீர் சுடவைத்ததில்லை. அவருடைய சொல் அம்மாவின் காதில் இவ்வளவு காலமும் இருந்திருக்கிறது. அது வெளியே வந்தது, அவரைக் கழுவிவிடுவதற்கு.

நான் தோயவில்லை. உடுப்போடு உள்ளே போய் அப்பாவுக்கு முன்னால் இருந்தேன். "தோய்ஞ்சிட்டியோ?" என்றார். "இல்லை," என்றேன். அவர் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே வாளி ஆறிக்கொண்டிருந்தது.

மார்க்கண்டு அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது இரண்டு பக்கமும் திரும்புகிற ஒரு கழுத்து. அவருடைய கை பட்ட கழுத்து. நெஞ்சோடு நிற்கிற அப்பாவின் கை அவர் விட்டுப்போனதல்ல. அது நாங்கள் செய்தது.