முப்பத்தேழாம் பக்கத்தை முனியாண்டவர் திருப்பித் தந்தார்

தென்னையெல்லாம் வேரோடு சாய்ந்ததே ஒரு புயல், அதற்கு மூன்றாம் வருஷத் தை மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். சம்பா அறுப்புக்கு நின்ற நேரத்தில் அடைமழை பிடித்து, சாய்ந்த கதிர் வயலிலேயே முளைவிட்டது. புயலில் எனக்குப் போனது நாற்பது தென்னை. அதில் ஒன்று கிணற்றுக்குள் தலைகீழாக விழுந்து, எடுக்க ஆள் கிடைக்காமல் ஒரு வருஷம் கிடந்தது. அந்தக் கதை இப்போது வேண்டாம். முளைத்த நெல்லை யாரும் வாங்கவில்லை. டிராக்டர் கடன், உரக்கடை பாக்கி, கைமாற்று எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரித்தன. அடுத்த வருஷம் ஆடி மாதம், இனி என்னால் கட்ட முடியாது என்று கோர்ட்டில் திவால் மனு கொடுக்க முடிவு செய்தேன். ஊரில் அதை மஞ்சக் கடுதாசி கொடுப்பது என்பார்கள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண் மட்டும் தெரியும், அதுவும் மூட்டை எண்ணிப் பழகியது. நான் சொல்லச் சொல்ல நம் முனியாண்டவர் கோயில் பூசாரி மாரிமுத்து எழுதிக்கொள்கிறார். முன்பின்னாக வந்தால் அடியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டீக்கடையில் என் பங்காளி மகன் நடேசன், "என்ன பெரியப்பா, மஞ்சக் கடுதாசி அச்சடிக்கிறீங்களாமே. கல்யாணப் பத்திரிகை மாதிரி எங்களுக்கும் ஒண்ணு உண்டா?" என்று கேட்டான். கடையே சிரித்தது. "நீ எனக்கு என்னடா குடுத்திருக்க, உனக்குப் பத்திரிகை வெக்க?" என்றேன். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தேன். ஆனாலும் அந்த அவமானத்துக்கு நான் தயாராகத்தான் இருந்தேன். கடன் நான் வாங்கியது. ஊருக்குத் தெரிந்தால் தெரியட்டும்.

தெரியக் கூடாத ஒன்றும் என் வீட்டில் இருந்தது. எனக்கு இரண்டு பெண்கள். அதில் ஒருத்தி ஒரு வருஷம் வைத்தியம் பார்த்துக்கொண்டாள். எந்தப் பெண், என்ன நோய் என்று சொல்லப் போவதில்லை. அவள் வீட்டுக்காரருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மாமனார் வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. அந்த ஆஸ்பத்திரிக் காகிதத்தை என்னிடம் கொடுத்து, யார் கண்ணிலும் படாமல் வைத்திருக்கச் சொன்னாள்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக் காகிதம் எல்லாம் ஒரே கட்டாகத்தான் இருக்கும். யூரியா மூட்டைக்குள் ஒரு பிளாஸ்டிக் பை வருமே, அதை அலசிக் காயவைத்து, பட்டா, சிட்டா, ரேஷன் கார்டு, பாண்டு எல்லாவற்றையும் அதில் போட்டுச் சுருட்டி உயரத்தில் கட்டித் தொங்கவிடுவோம். வாய்க்கால் உடைத்துக்கொண்டு வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் தூக்கிக்கொண்டு ஓட அந்த ஒரு கட்டு போதும். வீட்டிலேயே பத்திரமான இடம் அதுதான். மகள் காகிதத்தையும் அதில்தான் வைத்தேன்.

மனு எழுத டவுனில் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தேன். அவர் ஆபீஸில் குமாஸ்தா, "பெரியவரே, வீட்ல இருக்கற காயிதம் எல்லாத்தையும் குடுங்க, வேண்டியதை நான் எடுத்துக்கறேன்" என்றார். கட்டோடு கொடுத்தேன். காட்டிய இடத்திலெல்லாம் ரேகை வைத்தேன். எத்தனை ரேகை என்று கேட்காதீர்கள், இடது பெருவிரலில் மை போக இரண்டு நாள் ஆயிற்று. சாயங்காலம் கட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். மறுநாள் மனு கோர்ட்டுக்குப் போனது.

அதற்கடுத்த புதன்கிழமை மகள் வந்தாள். ஆஸ்பத்திரியில் காட்ட அந்தக் காகிதம் வேண்டும் என்றாள். எடுத்துக் கொடுத்தேன். அவள் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் மூலையில் சிவப்பு மையில் முப்பத்தேழு என்று போட்டிருந்தது.

"இதுல ஏம்ப்பா நம்பர் போட்டிருக்கு?"

எனக்கு அப்போதும் புரியவில்லை. அவளே ஆபீஸுக்குப் போன் போட்டுக் கேட்டாள். வைத்தியச் செலவால் நொடித்தேன் என்று காட்ட அதையும் மனுவில் சேர்த்திருக்கிறார்கள். மனுவின் நகல் கடன் கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் போகும். மொத்தம் பதினோரு பேர். உரக்கடைக்காரர், நெல் வியாபாரி, டிராக்டர் பைனான்ஸ். பதினோராவது ஆள் அவளுடைய மாமனார்.

போனை வைத்துவிட்டு மகள் சொன்னாள்: "உங்க கடனைத்தானேப்பா ஊருக்குச் சொல்லணும்னீங்க. என்னையும் சேத்துச் சொல்லிட்டீங்களே."

அவள் அழவில்லை. சத்தமும் போடவில்லை. எங்கள் வீட்டில்தான் தங்கினாள், அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. வக்கீலம்மா வெளியூர் போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை உச்சி வேளையில் முனியாண்டவர் கோயிலுக்கு வந்தேன். நம் கோயிலில் பிராது கட்டும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். குறையை வெள்ளைக் காகிதத்தில் எழுதி, மடித்து, மஞ்சள் கயிற்றால் வேலில் கட்ட வேண்டும். கட்டியதை யாரும் பிரிக்க மாட்டார்கள். எழுதத் தெரியாதவனுக்கு மாரிமுத்து எழுதிக் கொடுப்பார். "சொல்லுங்க, எழுதறேன்" என்று பேனாவைத் திறந்தார். எனக்கு வாய் வரவில்லை. இவரிடம் சொன்னால் இன்னொருவருக்குத் தெரிந்ததாகிவிடும் அல்லவா? பிறந்ததிலிருந்து என் காகிதத்தை எல்லாம் அடுத்தவர்தான் படித்திருக்கிறார்கள். அது ஒரு குறையென்று அன்றைக்குத்தான் உறைத்தது.

மாரிமுத்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். "வெறுங் காயிதமாவே கட்டிருங்க. அவரு படிச்சுக்குவாரு" என்றார். கட்டினேன். எம் பொண்ணை மூடி வை சாமி என்று மட்டும் கேட்டேன். கடனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் குமாஸ்தா போன் செய்தார். குரலே சரியில்லை. "பெரியவரே, கோர்ட்ல மனுவைத் திருப்பிட்டாங்க. கைநாட்டு வெக்கிறவருக்கு வாசிச்சுக் காட்டினோம்னு ஒரு வரி எழுதணும், விட்டுட்டேன். அந்த ஒரு வரிக்காக மொத்தக் கட்டும் திரும்பிடுச்சு. முதல்லேர்ந்து வேலை" என்றார். நகலெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். மனுவுக்கு நம்பரே விழவில்லை, ஒருவருக்கும் போகவில்லை, எல்லாம் இங்கேதான் கிடக்கிறது என்றார். அவருக்கு அது நஷ்டம். நான் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன்.

டவுனுக்கு பஸ் ஏறிப் போனேன். வக்கீலம்மாவே பக்கம் பக்கமாக வாசித்துக் காட்டினார். இரண்டு மணி நேரம். ஒவ்வொரு பக்கத்துக்கும், இது யாருக்கெல்லாம் போகும் என்று கேட்டேன். என் மருமகனின் பாங்கு புத்தக நகல்கூட உள்ளே இருந்தது. ஆதார் அட்டைகளும் அப்படியே இருந்தன. அவர் குமாஸ்தாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "உங்க கடன், உங்க சொத்து, இதுல ஒண்ணைக்கூட மறைக்கக் கூடாதுங்க ஐயா. உங்க பொண்ணோட உடம்பைப் பத்தி கடன்காரங்களுக்கு எதுக்கு? ஜட்ஜ் கேட்டா மூடின கவர்ல குடுத்துக்கலாம்."

நகல் பதினொன்று, கோர்ட்டுக்கு ஒன்று, ஆபீஸுக்கு ஒன்று. பதின்மூன்று கட்டிலிருந்தும் முப்பத்தேழாம் பக்கத்தை நானே உருவினேன். எண் தெரிந்தது அதற்கு உதவியது.

வீட்டில் மகளிடம் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தாள். அடுப்பில் போட்டாள். எரிந்து முடியும் வரை அங்கேயே நின்றாள். பிறகு, "சாப்டீங்களா?" என்று கேட்டாள். ஐந்து நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

கடன் தீர்ந்ததா என்று கேட்பீர்கள். தீரவில்லை. வழக்கு நடக்கிறது. நிலம் இருக்குமா போகுமா தெரியாது. மனு திரும்பி வந்தது சட்டத்தின் விதிதான், சாமி எங்கே வந்தார் என்று நடேசன் கேட்கிறான். அந்தக் குமாஸ்தா இருபது வருஷமாக ஒவ்வொரு கைநாட்டு மனுவிலும் அந்த வரியை எழுதியவர். எங்கள் மனுவில் மட்டும் ஏன் விட்டார்? எனக்கு அது போதும். வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருகிறேன். இப்போது யார் காகிதம் நீட்டினாலும் முழுதும் வாசிக்கச் சொல்லிக் கேட்காமல் விரலை நீட்டுவதில்லை.

இதைச் சொல்லவும் மகளிடம் அனுமதி கேட்டேன். "நோயைச் சொல்லாதீங்க, மத்ததைச் சொல்லுங்க, நாலு பேருக்கு ஆவும்" என்றாள்.

வாய்விட்டுச் சொல்ல முடியாத குறை உள்ளவர்கள் முனியாண்டவரிடம் வாருங்கள். வார்த்தை வராவிட்டாலும் வாருங்கள். அப்புறம் ஒன்று. இதைப் படிக்கிறவர்களே, உங்கள் தெருவில் ரேகை வைக்கிற ஒருவராவது இருப்பார். அவரை உட்காரவைத்து இதை வாசித்துக் காட்டுங்கள். கேட்டவர் இன்னொருவருக்குச் சொல்லட்டும்.